ருசி பாக்கறது சாப்பாட்டுல சேராது

அந்த ஆப்பு வேண்டாமுங்க தம்பி. போட்டுப்போடாதீங்க. மன்னிச்சுக்கோணும், உங்க போனை எட்டிப் பாத்தது தப்புத்தான். பக்கத்துப் பக்கத்து சேர்ல உக்காந்திருக்கறோம், கண்ணு தானா அங்க போகுதுங்க. பச்சைக் கலர்ல ஒரு தட்டு, அதுக்குள்ள ஒரு கேமரா, அதுதானுங்களே? பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. அதை நான் ஒம்பது நாள் வெச்சிருந்தன். அதுக்குக் கீழ இருக்கறதும் வேண்டாம், அந்த ஆரஞ்சுக் கலரு. அது இதவிட மோசம். மூணாவதா மயில் படம் போட்டிருக்குது பாருங்க, அதைப் போட்டுக்குங்க. கண்ண மூடிட்டுப் போட்டுக்குங்க. மூணையும் பாத்தவன் சொல்றன்.

உங்களுக்கு எத்தனைன்னாங்க? வெறும் வயித்துல நூத்திப் பதினெட்டா? அட, அது சீக்குலயே சேராதுங்க. பார்டருன்னு சொல்லிப் பயங்காட்டி உட்டிருப்பாங்களே. திம்பம் மலை ஏறி அக்கட்ட போனா நமக்குக் கர்நாடகா பார்டரு. போயி ஒரு டீயைக் குடிச்சுப்போட்டு மறுபடி கோபிக்கே வந்தர்றதில்லையா? அந்த மாதிரித்தான். எனக்கா? எனக்கு முந்நூத்திப் பத்து இருந்துதுங்க. அதை வெச்சுக்கிட்டு ஆயிரம் எலைக்கு நின்னு சமைச்சிருக்கறன்.

சாப்புட்டு ரெண்டு மணி நேரம் ஆகோணுமுங்களே, அதான் உக்காந்திருக்கறன். ஒம்பதே முக்காலுக்குக் குத்துவாங்களாமா. இன்னும் அரை மணி நேரம் கெடக்குது. பழமை பேசிட்டு இருந்தாப் போயிரும். இந்த லேப்புக்காரனுங்களைப் பாருங்க, ஏசி போட்டிருக்கறான், கண்ணாடிக் கதவு வெச்சிருக்கறான், தரையத் தொடைக்க ஒரு ஆளு வெக்கல. வாசப்படியில இருந்து இது வரைக்கும் செவப்புச் செவப்பா என்னமோ சிந்திக் கெடக்குது பாருங்க. வெத்தலை போட்டுத் துப்பியிருப்பானுங்க. நம்ம சனத்துக்கு எங்க துப்பறது எங்க துப்பக்கூடாதுன்னு இருக்குதா? மேல பட்டுறப் போகுதுன்னு நான் காலைச் சேருக்கு அடியில இழுத்து வெச்சுக்கிட்டன். நீங்களும் பாத்து வெய்யுங்க.

நான் ஆருன்னு சொல்லலையே. கொழந்தசாமி சமையலுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. கோபி, சத்தி, அந்தியூரு, எந்த மண்டபத்துல வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. முப்பத்தாறு வருசமாச்சு. உங்க கல்யாணம் எங்க நடந்துதுங்க? ஓ, கவுந்தப்பாடியா. சமையல் ஆரு? தெரியலையா. பாருங்க, தெரியல. அன்னைக்கு ரசம் எப்படி இருந்துச்சுன்னு உங்க சம்சாரத்தக் கேட்டுப் பாருங்க, அவங்களுக்கும் ஞாபகம் இருக்காது. நான் சமைச்சிருந்தா இருக்கும்.

எனக்கு இன்னைக்குச் சாதாரண நாளில்லீங்க. இந்தச் சாப்பாட்டுக்கு மின்னால பின்னால பாக்கறது கெடக்கட்டும், மூணு மாசச் சராசரின்னு ஒண்ணு இருக்குதுங்களே, அதையும் பாக்கறாங்க. அது ஏழுக்குக் கீழ வந்தா கரண்டி என்ற கையில. ஏழுக்கு மேல போச்சுன்னா என்ற பையன் கையில. நான் ஊட்ல உக்காரோணும். அப்படித்தான் பேச்சு. ஆவணி மொத முகூர்த்தத்துக்குப் பாரியூர்ல ரெண்டாயிரம் எலை ஒத்துக்கிட்டிருக்கறன். கல்யாணப் பொண்ணோட அப்பன் கல்யாணத்துக்கு நான்தான் சமைச்சன். அந்தப் பொண்ணுக்குக் காது குத்துனதுக்கும் நான்தான். அவங்க கேக்கறது கொழந்தசாமி ஒப்புட்டு, டவுன்காரங்க போளிம்பாங்களே, அது. அங்க என்ற பையன் போயி நின்னா நல்லாவா இருக்கும்? என்னை ஊட்ல உக்கார வெச்சா நான் ரெண்டு மாசத்துல போயிருவனுங்க. டிவிக்கு மின்னால உக்காந்து செத்துப்போயிருவன். இது சும்மா பேச்சுக்குச் சொல்றதில்ல.

எல்லாம் தை மாசத்துல ஆரம்பிச்சுது. சத்தியில ஒரு கல்யாணம். அதிரசத்துக்கு வெல்லப் பாகு காச்சி எறக்கறாங்க. அண்டாவப் புடிச்சவனுங்க ரெண்டு பேரும் இந்தக் காலத்துப் பசங்க, சோறு திங்கறது வயித்துக்கா கைக்கான்னு தெரியாது. அண்டா சாஞ்சு, பாகு கொதிக்கக் கொதிக்க என்ற எடது கால் மேல கொட்டிப்போச்சு. பூரணம் உருட்டிட்டிருந்த பொம்பளைங்க அத்தனை பேரும் ஒட்டுக்காக் கத்தறாங்க. நான் குனிஞ்சு பாத்தன். துண்டுல தொடச்சன். "கத்தாதீங்க, பதம் போயிரும், மாவப் போட்டுக் கிண்டுங்க"ன்னன். ஒரு துளி வலி இல்லீங்க தம்பி. அடுப்படியில முப்பத்தாறு வருசம் நின்ன காலு, உரமேறிக் கெடக்குது. "ஏனுங்ணா, உங்களுக்கு என்ன இரும்புக் காலுங்களா"ன்னு கேட்டானுங்க. ஆமாண்டான்னன்.

என்ற பையன் மௌலி இருக்கறான் பாருங்க, அவன் கேட்டரிங் படிச்சவன். கல்யாணத்துல வந்தவங்களைத் தட்டோட நிக்க வெச்சுத் தோசை ஊத்திக் குடுக்கறதுக்கு மூணு வருசம் காலேஜு. அவன் ஓடி வந்தான். "அப்பா, வலிக்கலையா?"ன்னான். வலிக்கலடான்னன். அவன் மொகம் செத்துப்போச்சுங்க. மறுபடி கேட்டான், "நெசமாவே வலிக்கலையாப்பா?" வலிச்சாப் பயப்படறவன ஊரு ஒலகத்துல பாத்திருக்கறன். வலிக்கலன்னு சொன்னாப் பயப்படறவன அவன் ஒருத்தனத்தான் பாத்தன்.

அடுத்த நாளே டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போயிட்டான். அந்த டாக்டரு ஒரு பெரிய மனுசன். என்னைப் படுக்க வெச்சுக் கண்ண மூடச் சொல்லிப்போட்டு, நைலான் நூலு மாதிரி ஒண்ண எடுத்து உள்ளங்கால்ல குத்தறாராமா. "தெரியுதுங்களா?" தெரியுதுங்கன்னன். "இங்க?" தெரியுதுங்க. "இங்க?" நல்லாத் தெரியுதுங்க. எட்டு எடத்துல கேட்டாரு, எட்டுக்கும் தெரியுதுன்னு சொன்னன். அப்பறம் சொல்றாரு, "ஐயா, கடைசி நாலு தடவை நான் வெக்கவே இல்லீங்க." பாருங்க எப்படிப்பட்ட ஆளுன்னு. வைத்தியம் பாக்க வந்தவனை ஏமாத்திப் பாக்கறதுக்கா டாக்டருக்குப் படிக்கறாங்க? அன்னையில இருந்து அந்த ஆளு மேல எனக்கு மதிப்பு இல்லீங்க.

அவரு சொன்னாருன்னு மருமக ஒரு செருப்பு வாங்கிட்டு வந்தா. ஹேமலதான்னு பேரு, நல்ல புள்ளதான், புருசன் பேச்சக் கேட்டுக் கெட்டுப்போச்சு. பின்னாடி வாரு வெச்ச செருப்பு. பள்ளிக்கூடம் போற புள்ளைங்க போடற மாதிரி. இது எதுக்கம்மிணின்னு கேட்டா, "கால்ல இருந்து செருப்புக் கழண்டாக்கூட உங்களுக்குத் தெரியாதாம் மாமா, டாக்டர் சொன்னார்"ங்கறா. பேருதான் கொழந்தசாமி, நான் என்ன கொழந்தையா? அந்தச் செருப்பு இன்னும் அட்டைப் பொட்டியில இருக்குது. எனக்கு அவாய் செருப்புப் போதும்.

அப்பறந்தான் ஆப்பு. மாத்தரை குடுத்தாங்க, சரி. வாயக் கட்டச் சொன்னாங்க, சரி. மௌலி சொல்றான், "நான் ஒரு மண்டபத்துல இருப்பன், நீங்க ஒரு மண்டபத்துல இருப்பீங்க, உங்களை ஆரு பாத்துக்கறது? ஒரு ஆப்பு வெச்சுக்கோணும்பா." எனக்குத் தெரிஞ்ச ஆப்பு மரம் பொளக்க வெக்கறது. இல்லைன்னா ஒருத்தனை ஒருத்தன் கவுக்கறதுக்கு வெக்கறது. பெத்த அப்பனுக்கு வெச்சான் பாருங்க. மூணு மாசம் டைம் குடுத்தான். "எந்த ஆப்பு வேணுமோ நீங்களே புடிச்சதாப் பாத்துத் தேர்ந்தெடுத்துக்குங்க"ன்னு சொன்னான். அந்த ஒண்ணுதான் உருப்படியா சொன்னது.

மொதல்ல நீங்க பாத்துட்டு இருந்தீங்களே, அந்தத் தட்டு. அதுல திங்கறதையெல்லாம் போட்டோ எடுக்கோணும். அது பாத்து இது இன்ன பண்டம், இத்தனை சர்க்கரைன்னு சொல்லும். பணியாரத்தை எடுத்தன். மீட்பால்னு போட்டான். மருமககிட்ட என்னன்னு கேட்டா, கறி உருண்டையாமா. நான் கறி திங்கறதில்லீங்க, சமைக்கறதும் இல்ல. ஒப்புட்டை எடுத்தன், ஆம்லெட்டுன்னான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. கடைசியா ரசம். என்ற ரசத்துக்கு மூணு ஊர்ல இருந்து வந்து ரெண்டாம் பந்திக்குக் காத்திருந்து குடிச்சவங்க இருக்கறாங்க. அதைப் போட்டோ எடுத்தா, தக்காளி சூப்புங்கறான். அன்னைக்கே எடுத்துரச் சொல்லிப்போட்டன்.

ரெண்டாவதுதான் அந்த ஆரஞ்சுக் கலரு. அதுல போட்டோ கீட்டோ இல்ல. ஒரு ஆளைப் போட்டுத் தருவாங்க, தெனமும் பேசும். கோச்சாமா. எனக்கு வந்தது ஒரு பொண்ணு. பெனிட்டான்னு பேரு. தூத்துக்குடிப் பக்கமாட்ட இருக்குது, வார்த்தைக்கு வார்த்தை "லா" போடும். "ஐயா, நேத்து சொன்னீங்கள்லா," "ஐயா, நடந்தீங்கள்லா." இருவத்தஞ்சு வயசு இருக்கும். இருவத்தஞ்சு வருசத்துக்கு மின்னாலயே நான் மந்திரி வந்த கல்யாணத்துக்குச் சமைச்சவன், எனக்கு அது சொல்லித் தருது எப்படித் திங்கறதுன்னு.

மொதல்ல மருவாதியாத்தான் இருந்துச்சு. காத்தால என்னய்யா? ரெண்டு இட்லி. மத்தியானம்? ஒரு கரண்டி சோறு, ரெண்டு கரண்டி காய். ராத்திரி? கோதுமைத் தோசை ஒண்ணு. நான் பொய் சொல்லலீங்க. அதுதான் சாப்பாடு. ஊட்ல தராசு வெச்சு நிறுத்த மாதிரிப் போடறா மருமக. பதினஞ்சு நாளு இப்படியே சொல்லிட்டு இருந்தன். மிசின்ல குத்திப் பாத்தா எரநூத்தி எம்பது, எரநூத்தித் தொண்ணூறு. கல்யாணம் இல்லாத நாளு நூத்தி அறுவது. கல்யாணம் இருந்தா ஏறிக்கும். மிசினு சரியில்லீங்க அது. அடுப்புச் சூடு பட்டா ஏறும்போல.

அந்தப் புள்ள ஒரு நாள் கேக்குது. "ஐயா, முகூர்த்த நாள் மட்டும் ஏறுதுலா. வேலை நேரத்துல என்ன சாப்பிடுதீங்க?" வேலை நேரத்துல சமையக்காரன் சாப்புட மாட்டான் அம்மிணின்னன். அது தொழில் தருமம். பந்தி முடிஞ்சு கடைசி ஆளு கை கழுவுனதுக்கு அப்பறந்தான் எனக்கு எலை. "அப்ப உப்பு, இனிப்பெல்லாம் எப்படிப் பாப்பீங்க?"ன்னு கேட்டுது. எப்படிப் பாப்பாங்க? உப்பை மோந்து பாத்தே சொல்லிருவன் நான். ஆனா இனிப்ப மூக்கால பாக்க முடியுமாங்க? பாயாசத்துல சர்க்கரை ஒரு பங்கு தூக்கலா இருக்கோணும், ஆறுனா எறங்கிரும். கேசரி எறக்கறதுக்கு மின்னால ஒருக்கா, எறக்குனதுக்கு அப்பறம் ஒருக்கா. ஒப்புட்டுப் பூரணம் ஒவ்வொரு ஈடுக்கும் பாக்கோணும், ஏன்னா வெல்லம் அச்சுக்கு அச்சு மாறும். ஜிலேபிப் பாகு. இதெல்லாம் நாக்குல பட்டாத்தான் ஆகும். அதுக்குத்தான் எனக்குப் பேரு. கேட்டுப்போட்டு அந்தப் புள்ள, "அதையும் சேத்துச் சொல்லணும்லாய்யா"ங்குது.

எனக்குக் கோவம் வந்துருச்சுங்க. ருசி பாக்கறது சாப்பாட்டுல சேருமாங்க? நீங்களே சொல்லுங்க. விரதம் இருக்கற பொம்பளைங்ககூட உப்புப் பாத்துத் துப்பறதுண்டு, விரதம் கெட்டுப்போகுதா? நான் துப்பறதில்ல, சரி. துப்புனா அடித்தொண்டையில நிக்கற ருசி தெரியாது. அதுக்காக அது சாப்பாடாயிருமா? பசிக்குத் திங்கறது சாப்பாடு. தொழிலுக்குத் தொடறது தொழிலு. கொத்தனாரு மேல சிமெண்டு படுதுன்னா அவரு சிமெண்டா ஆயிட்டாரு?

அது விடலீங்க. குரல ஒசத்தல, ஒண்ணுஞ் சொல்லல, அதுதான் எரிச்சலு. "வாயில போடாதீங்கன்னு சொல்லலைய்யா. எவ்வளவு வாயில போடுதீங்களோ அதே அளவு ஒரு டம்ளர்லயும் போடுங்க. காலையில இருந்து பந்தி முடியிற வரைக்கும். முடிஞ்சதும் நீங்களே பாத்து எனக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க. போட்டோ வேண்டாம். நீங்க சொன்னாப் போதும்." நான் சொன்னாப் போதுமாமா. என்னை நம்பறாளாமா. எத்தனை பேரு நம்பி எலையில உக்காந்திருக்கறான், இவ நம்பிக்கைக்கா நான் காத்திருந்தன்?

சரி, இவ வாயை அடைக்கோணும்னே செஞ்சன். அந்தியூரு மண்டபம். எவர்சில்வர் டம்ளரு, தண்ணி குடிக்கறது. விறகு அடுப்புக்குப் பக்கத்துல செவுத்து மாடத்துல வெச்சன். ஒரு கரண்டி நுனியில வாயிக்கு, ஒரு கரண்டி நுனியில டம்ளருக்கு. பாயாசம், பூரணம், கேசரி, தேங்காப்பால். கூட இருந்தவனுங்க, அண்ணனுக்குப் பேதலிச்சுப் போச்சுன்னு நெனச்சிருப்பானுங்க. மத்தியானம் பந்தியெல்லாம் முடிஞ்சு போயிப் பாத்தன். பாக்கவே சகிக்கலீங்க. எல்லாம் ஒண்ணாக் கலந்து, மேல ஈ மொச்சுக்கிட்டு. ஒவ்வொண்ணும் தனித்தனியா எத்தனை அழகா இருந்துச்சு. இப்படிப் போட்டுக் கலக்கி அசிங்கம் பண்ணி, இதான் நீ தின்னதுன்னு காட்டச் சொல்றவளுக்குச் சமையலுன்னா என்னன்னு தெரியுமா?

எத்தனை இருந்துதுங்களா? அது என்ன, அரை டம்ளருன்னு வெச்சுக்குங்களே. அவகிட்டயும் அரைன்னுதான் சொன்னன். மண்டபத்துக்குப் பின்னால பொடக்காணியில கொண்டுபோயிக் கொட்டிப்போட்டு, நானே கழுவி வெச்சன். முப்பத்தாறு வருசத்துல ஒரு பாத்திரம் கழுவுனதில்ல நான், அன்னைக்குக் கழுவுனன். "அரை டம்ளர்தானாய்யா?"ன்னு கேட்டுது. ஆமான்னன். அப்பறம் "சரிய்யா"ன்னுது. அந்த "சரிய்யா" இருக்குது பாருங்க, அதுல என்னைப் பொய்க்காரன்னு சொன்ன மாதிரியே இருந்துச்சு.

அதோட உட்டுதா? "ஐயா, உங்க கால் எப்படி இருக்கு? தினமும் ராத்திரி ஒரு கண்ணாடிய தரையில வெச்சு உள்ளங்காலப் பாத்துக்கோங்க"ங்குது. மொகத்தக் கண்ணாடியில பாக்கவே எனக்கு நேரமில்ல, உள்ளங்காலுக்குக் கண்ணாடியாமா. சீவிப் பவுடர் போட்டு உடோணுமாட்ட இருக்குது. அன்னைக்குச் சாங்காலமே மருமகளக் கூப்புட்டு, இது வேண்டாம், எடுத்துப்போடுன்னுட்டன். அந்தப் புள்ள கடைசியா ஒரு வாய்ஸு அனுப்பியிருந்துச்சு. "ஐயா, நீங்க வேற யாருகிட்ட வேணும்னாலும் போங்க. காலை மட்டும் பாத்துக்கோங்கய்யா." குதிரை குப்புறத் தள்ளுனது பத்தாதுன்னு குழியும் பறிச்சுதாமா. அதை நான் அழிக்கல. அழிக்கறது எப்படின்னு தெரியல, அதனாலதான்.

மூணாவதுதான் மயிலு. மகராசனா இருக்கோணும் அதைக் கண்டுபுடிச்சவன். அதுல ஆளே இல்லீங்க. காத்தால என்ன சாப்புட்டீங்கன்னு கேக்கும், ரெண்டு இட்லின்னு தட்டோணும், மயில் ஒரு இறகு விரிக்கும். மத்தியானத்துக்கு ஒரு இறகு. நடந்தா இன்னொண்ணு. ராத்திரி முழுத் தோகையும் விரிச்சு ஆடும், "அருமை கொழந்தசாமி, இன்றைய நாளை வென்றுவிட்டீர்கள்"னு தமிழ்ல எழுதி வரும். எதுக்கு, எப்படி, அது என்ன இது என்னன்னு ஒரு வார்த்தை கேக்காது. மனுசனுக்கு மருவாதி குடுக்கறதுன்னா அதுதான். நாப்பத்தொரு நாளா ஒரு நாள் உடாம ஆடிட்டு இருக்குது. மௌலிக்குக் காட்டுனன். பாத்துப்போட்டு, "ரத்தம் என்ன சொல்லுதுன்னு பாக்கலாம்பா"ங்கறான். மிசின்ல குத்திப் பாக்கறதை நான் நிறுத்தி ஒரு மாசம் ஆச்சுங்க. மயிலே ஆடறப்ப மிசின் எதுக்கு?

இன்னைக்குக் காத்தாலகூடப் பாருங்க. ஏழு மணிக்கு வெறும் வயித்து ரத்தம் குடுத்துப்போட்டு எதுத்தாப்பல மெஸ்ஸுக்குப் போனன். ரெண்டே இட்லி. சாம்பாரைக்கூட எட்ட வெச்சுக்கிட்டன். கடைக்காரன் என்னைத் தெரிஞ்சவன், ஓடி வந்து, "ஏனுங்ணா, புதுசாக் கேசரி போடறோம், ருசி பாத்துச் சொல்லுங்க"ன்னான். மொத வாயிலயே சொன்னன், ரவை வறுத்தது பத்தலைன்னு. நெய்யைச் சொல்லோணும்னா ரெண்டாவது வாயி வேணும். அப்பறம் சூடா இன்னொரு சட்டியில இருந்து கொண்டாந்தான், ரெண்டுக்கும் வித்தியாசம் கேட்டான். ஒரு தொழில்காரன் கேக்கறப்ப இல்லைன்னு சொல்ல முடியுங்களா? அது சாப்பாட்டுல சேராது. மயில்ல ரெண்டு இட்லின்னுதான் போட்டன். அது ஒரு இறகு விரிச்சுது.

அங்கிருந்து இங்க வாரதுக்குள்ளதான் உசுரு போச்சு. பக்கத்துல கடை கட்டறானுங்க, ரோடெல்லாம் ஜல்லியும் பலகையும் ஆணியும் எறைஞ்சு கெடக்குது. பஸ்காரன் ஆரன் அடிச்சுட்டு மேல ஏத்தற மாதிரி வர்றான். ஓட்டமும் நடையுமா வந்து சேந்தன். என்ற வயசுல வேற ஒருத்தன் அப்படி ஓடட்டும் பாக்கலாம்.

இருங்க, கூப்படறாங்க. குழந்தைசாமின்னு என்ன அழகாக் கூப்படறா பாருங்க, காது கேக்காதவனைக் கூப்படற மாதிரி. வர்றனம்மிணி, வர்றன். போனும் அடிக்குது. பாருங்க தம்பி, மயிலு. "சிறப்பு கொழந்தசாமி, ஆயிரம் அடிகள் நடந்துவிட்டீர்கள்." நான் சொன்னனில்ல?

என்னுங்க? கீழயா? கீழ என்ன?

செருப்பு. எடது கால் செருப்பு எங்க போச்சு? வெளியில உட்டிருப்பனாட்ட இருக்குது. வலது கால்ல இருக்குதே. ஒரு செருப்பை மட்டும் ஆருங்க வெளியில உடுவாங்க? மெஸ்ஸுல எறங்கறப்ப போட்டனுங்க. ரெண்டும் போட்டன், நல்லா ஞாபகம் இருக்குது. அப்பறம் ரோடு. ஜல்லி மேல வந்தன். அப்ப செருப்பு இருந்துச்சா இல்லையா? எனக்குத் தெரியோணுமில்ல? என்ற காலுதானுங்களே, எனக்குத் தெரியாமப் போகுமா?

அந்தச் செவப்பு. வாசப்படியில இருந்து நான் நடந்து வந்த பக்கமே வருது. என்ற சேருக்கு அடியிலயும் இருக்குது. அது வெத்தலை இல்லீங்களா?

தம்பி, எனக்கு முட்டி அந்தளவுக்கு மடங்காது, தூக்கிப் பாக்க முடியாது. நீங்க செத்தக் குனிஞ்சு பாத்துச் சொல்லுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க, உங்களைக் காலைப் பாக்கச் சொல்றன். என்ன இருக்குது? ஆணியா? எத்தனை நீளம்? தலை மட்டுந்தான் வெளிய தெரியுதா? இழுக்காதீங்க, இருங்க. வலிக்கலீங்களே. வலிக்கவே இல்லீங்களே தம்பி. அதைத் தொட்டுப் பாருங்க. தொடறதுக்கு மின்னால சொல்லுங்க. தொட்டுட்டீங்களா? எப்பத் தொட்டீங்க?

தெரியலீங்க.

இன்னொருக்காத் தொடுங்க. தெரியலீங்க. பயமா இருக்குதுங்க தம்பி. அந்த அம்மிணிகிட்டச் சொல்லுங்க, ரத்தம் அப்பறம் எடுத்துக்கலாம்னு. மௌலிக்கு ஒரு போனு போடோணும். அதுக்கு மின்னால உங்க போனை எடுங்க. மயில வேண்டாம். அந்த ஆரஞ்சுக் கலரு இருக்குதில்லீங்க, அதைப் போட்டுக்குங்க. அதுல உங்களுக்கு அந்தப் புள்ளையே வந்தா, கோபி கொழந்தசாமி சொல்லச் சொன்னாருன்னு சொல்லுங்க. அரை டம்ளரு இல்லீங்க. ஒண்ணு ரொம்பி, ரெண்டாவது டம்ளரு எடுத்தன். அதுவும் ரொம்பிப்போச்சு.